டொக்... டொக்... கருப்பன்

வண்டியைத் தானே கழட்டி மாட்டுற ஆசாமிகளுக்கு ஒரு சாபம் உண்டு மக்கா. கை வைக்கிறதுக்கு முன்னாடி வண்டி என்ன சத்தம் போட்டாலும் காதுல விழாது. கை வச்சதுக்கு அப்புறம் கண்ணாடியில ஈ மோதினாக்கூட 'ஐயய்யோ, எதையோ மாட்ட மறந்துட்டோமோ'ன்னு வயித்தைக் கலக்கும். எனக்கு 2024 ஏப்ரல்ல இருந்து மே வரைக்கும் கலக்கின கலக்கு இருக்கே... சொல்றேன்.

நம்ம வண்டி ஒரு பிக்கப் டிரக். 2010 மாடல், வி6, ஃபோர் வீல் டிரைவ், ஒரு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம் மைல் ஓடினது. கம்பெனி பேரு வேண்டாம், பாவம், இந்தக் கதையில அவங்க மேல ஒரு தப்பும் இல்லை. வீட்டுல அதுக்குப் பேரு கருப்பன். நாங்க இருக்கிறது மிச்சிகன். இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பைக் கொட்டுவாங்க. கொட்டுறதுன்னா நம்மூர்ல ஊறுகாய்க்குப் போடுற மாதிரி கொட்டுறது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே 1,100 அடிக்கும் கீழ ஒரு உப்புச் சுரங்கம் இருக்கு, ரோட்டு உப்பு அங்கேருந்தே வருது. அப்புறம் பனி உருகி, உறைஞ்சு, மறுபடி உருகி, மார்ச் மாசம் வந்தா ரோடெல்லாம் பள்ளம். உப்பு போல்ட்டைத் தின்னும், பள்ளம் சஸ்பென்ஷனைத் தின்னும். மிச்சம் இருக்கிறதைத்தான் நாம ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

கருப்பனுக்கு முன்பக்க ஸ்ட்ரட் ரெண்டும் போயிடுச்சு. பிரேக் போட்டா மூக்கு தரையை மோந்து பார்க்கும். பள்ளத்துல இறங்கி ஏறினா மூணு தடவை கும்பிடு போட்டுட்டுத்தான் நிக்கும். இடது பக்கம் எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பி, பார்க்கவே ரசவடை மாதிரி இருந்துச்சு. பட்டறையில கேட்டா ஆயிரத்து நூறு டாலர்னாங்க. நானே மாத்தினா முன்னூத்தம்பது. ஸ்பிரிங், மேல் மவுண்ட் எல்லாம் பூட்டி, அப்படியே எடுத்து மாட்டுற மாதிரி முழு செட்டா வாங்கினேன். அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணலை. அந்தக் காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிச்சுக் கழட்டுற வேலை எமனோட பல்லாங்குழி ஆடுற மாதிரி. கருவி வழுக்கினா தலையே இருக்காது. நான் தைரியசாலி, முட்டாள் இல்லை. (இந்த வரியைப் பத்தி அப்புறம் பேசுவோம்.)

இந்த அவசரம் எதுக்குன்னா, எங்க பொண்ணு. இந்த மாநிலத்துல பதினாலு வயசு ஒன்பது மாசம் ஆனா பழகுநர் உரிமம் கொடுத்துடுவாங்க. பதினாறு வயசுல தனியா ஓட்டுற உரிமம் வேணும்னா அதுக்கு முன்னாடி 50 மணி நேரம் பெரியவங்க பக்கத்துல உக்காந்து ஓட்டிப் பழகணும், அதுல 10 மணி நேரம் ராத்திரி ஓட்டம். எல்லாத்தையும் தேதி போட்டு ஒரு தாள்ல எழுதணும். அந்தத் தாள் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்துச்சு. பழகுற வண்டி கருப்பன். தங்கமணியோட கார் தங்கமணிக்கு மட்டும்தான், அது வேற கதை.

சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சேன். டிரைவர் பக்கம் நாலு மணி நேரம். கீழ் போல்ட் உப்புல வெந்து புஷ்ஷோட ஒண்ணா ஆயிடுச்சு. துருவிளக்கி எண்ணெய் அடிச்சு, சூடு காட்டி, சுத்தியலால போட்டு, எனக்குத் தெரிஞ்ச எல்லாச் செந்தமிழ்லயும் திட்டின அப்புறம் வந்துச்சு. பாசஞ்சர் பக்கம் சுலபமா இருந்துச்சு. ஆனா மேல் பால் ஜாயிண்டைப் பிரிச்சு நக்கிளைக் கீழே இறக்கும்போது பிரேக் ஹோஸ் விறைச்சுக்கிட்டு இழுத்துது. ஹோஸ் அறுந்துடக் கூடாதேன்னு காலிப்பரைக் கழட்டிக் கம்பி போட்டு மேல தொங்க விட்டேன். புது ஸ்ட்ரட்டை ஏத்தி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு இருக்கும்போது ஆபீஸ்ல இருந்து போன். சனிக்கிழமையும் ஆணி! அரை மணி நேரம் பேசிட்டு வந்து, வீலை மாட்டி, ஜாக்கை இறக்கி, கையைக் கழுவினா சாயந்திரம் அஞ்சு. திங்கக்கிழமை அலைன்மெண்ட் பண்ணியாச்சு. முன்பக்க உயரம் மாறினா சக்கரத்தோட சாய்வும் மாறும், அதை விட்டா புது டயர்கூட ஒரே வருஷத்துல ஒரு ஓரமா தேஞ்சுடும்.

வண்டி நல்லாத்தான் போச்சு. மூக்கு இறங்கலை. கும்பிடு இல்லை. ஆனா மூணு சத்தம் புதுசா வந்துச்சு.

ஒண்ணு, மெதுவா சின்னப் பள்ளத்துல இறங்கினா பாசஞ்சர் பக்கம் 'டொக்'. ரெண்டு, அறுபது மைல் வேகத்துல ஸ்டியரிங் நடுக்கம். மூணு, நாப்பது மைலுக்கு மேல 'ம்ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம், கோயில் மண்டபத்துல வண்டு சுத்துற மாதிரி.

முதல் நாளே தங்கமணி பக்கத்துல உக்காந்து வந்தாங்க. ரெண்டாவது டொக்குல முகம் மாறிடுச்சு. "என்னங்க, இது முன்னாடி இல்லையே?" நான், "புது பார்ட்ஸ்ல அப்படித்தான் இருக்கும், செட் ஆயிடும்"னேன். பொய். செட் ஆகிற சத்தம்னு ஒண்ணு கிடையாது. "நீங்க கழட்டி மாட்டின வண்டில புள்ளைய அனுப்பணுமான்னு யோசிக்கிறேன்"னு சொன்னாங்க பாருங்க, அது ஆயிரத்து நூறு டாலரை விட அதிகமா வலிச்சுது. இந்த ஊர்ல வருஷா வருஷம் வண்டியைக் கொண்டு போய்க் காட்டிப் பரிசோதிக்கிற சட்டமும் கிடையாது. கருப்பன் நல்லா இருக்கான்னு சொல்ல நான் ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் மேல சந்தேகம் வந்தாச்சு.

அப்புறம் ராத்திரி ராத்திரியா வீடியோ பார்த்தேன். அங்கதான் முதல் வாரம் வீணாப் போச்சு. 'ஸ்ட்ரட் மாத்தினதும் சத்தம்'னு தேடினா வர்றது எல்லாம் காருக்கானது. காருல இருக்கிறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன்னு ஒரு அமெரிக்க எஞ்சினியர் 1940-கள்ல யோசிச்சது. அதுல ஸ்டியரிங்கைத் திருப்பினா ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்பும், அதனால உச்சியில ஒரு பேரிங் இருக்கும். அது கெட்டாலோ தப்பா உக்காந்தாலோ திரும்பும்போது 'டொய்ங்'னு சத்தம் வரும். பிக்கப் டிரக்குல வேற கணக்கு. மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், நடுவுல ஸ்பிரிங்கோட ஷாக் அப்சார்பர் நிக்கும். நாம வாய்ப்பழக்கத்துல ஸ்ட்ரட்னு சொல்றோமே தவிர அது ஸ்டியரிங்கோட திரும்பாது, உச்சியில பேரிங்கும் கிடையாது. இல்லாத பேரிங்கைத் தேடி நான் ரெண்டு சாயங்காலம் டார்ச் அடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அவ்வ்வ்வ்.

நடுக்கம் முதல்ல மாட்டுச்சு. அதுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டேன். கருப்பனோட டயர் கிட்டத்தட்ட 31 அங்குல விட்டம். ஒரு மைல் போக சுமார் 650 சுத்து சுத்தணும். அறுபது மைல் வேகம்னா நிமிஷத்துக்கு ஒரு மைல், அதாவது நிமிஷத்துக்கு 650 சுத்து, விநாடிக்கு ஏறக்குறைய 11. டிரைவ் ஷாஃப்ட் அதை விட மூணரை நாலு மடங்கு வேகமா சுத்தும், விநாடிக்கு நாப்பது கிட்ட. நாப்பது அதிர்வு பாதத்துக்கும் சீட்டுக்கும் 'விர்ர்ர்'னு தெரியும். பதினொண்ணு அப்படி இல்லை, கையே ஆடும். என் கை ஆடிச்சு. போன்ல இருக்கிற அதிர்வு சென்சாரை வச்சு அளக்கிற ஒரு ஆப் போட்டுப் பார்த்தா அதே பதினொண்ணுல ஒரு முள் நிமிர்ந்து நிக்குது. ஆக ஸ்ட்ரட் இல்லை, ஷாஃப்ட் இல்லை, சக்கரம்.

சக்கரத்தைக் கழட்டி, ஹப்போட முகத்துல இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சேன். துரு இருந்தா ரிம் ஒட்டி உக்காராது, நூலிழை கோணலா இருந்தாலும் ஆட்டம் கொடுக்கும். நட்டை எதிரெதிரா நட்சத்திரம் போடுற மாதிரி முறுக்கி, கடைசியில டார்க் ரெஞ்சுல என் வண்டிக்குச் சொன்ன 83 அடி-பவுண்டு. (உங்க வண்டிக்கு உங்க மேனுவலைப் பாருங்க, என்னைத் திட்டாதீங்க.) பாதி குறைஞ்சுது, முழுசாப் போகலை. அன்னிக்கு ராத்திரி தங்கமணி கேரேஜைப் பெருக்கினப்போ கிடைச்சதுன்னு ஒரு சாம்பல் கலர் துண்டைக் கொண்டு வந்து நீட்டினாங்க. "இது என்னங்க, மீன் தூண்டில்ல கட்டுற குண்டா?"

பின்னாடி பசை டேப். வீல் பேலன்ஸ் வெயிட்! நான் சுத்தியல் கச்சேரி பண்ணினப்போ ரிம்முக்கு உள்பக்கம் எங்கயோ இடிச்சு விழுந்திருக்கு. ஒன்றரை அவுன்ஸ், நாப்பது கிராம் சொச்சம். இத்துனூண்டுன்னு நினைக்காதீங்க. அந்த வேகத்துல அது இல்லாம சக்கரம் சுத்தினா கிட்டத்தட்ட நாலு கிலோ எடை ஒரு பக்கமா இழுக்கும், விநாடிக்குப் பதினொரு தடவை. பேலன்சிங்குக்கு இருபது டாலர் ஆச்சு. ஸ்டியரிங் ஐ-275-ல தயிர் மாதிரி உறைஞ்சு நின்னுடுச்சு.

ரீங்காரம் எனக்குப் பாதி புரிஞ்சுது. டயர் மேல உள்ளங்கையை வச்சு முன்னும் பின்னும் தடவினா மேடு பள்ளமா தட்டுப்பட்டுது. செத்த ஸ்ட்ரட்டுல ஓடின சக்கரம் தரையில தட்டித் தட்டி அங்கங்க கிண்ணம் மாதிரி தேஞ்சு போயிருக்கு. வியாதி போனாலும் தழும்பு போகலை. அந்தச் சத்தம் முன்னாடியும் இருந்திருக்கும், வண்டி மொத்தமும் ஆடினதுல கேக்கலை. சரி, டயர் மாத்துற வரைக்கும் வண்டு சுத்தட்டும்னு விட்டுட்டேன்.

டொக் மட்டும் போகலை.

ஸ்ட்ரட்டோட மேல் நட்டு மூணு, கீழ் போல்ட்டு, எல்லாம் டார்க் பார்த்தேன். சரியா இருந்துச்சு. ஸ்வே பார் லிங்க்கைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தேன், அதோட ரப்பரையும் பார்த்தேன். ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே கீழ் போல்ட்டை முறுக்கிட்டேன். அப்படி முறுக்கினா புஷ் ரப்பர் எப்பவும் முறுக்கின துணி மாதிரி திருகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில தரையில நிக்கும்போதுதான் கடைசி முறுக்கு கொடுக்கணும். தளர்த்தி மறுபடி முறுக்கினேன். இதுதான்டா காரணம்னு மார்தட்டிக்கிட்டே தெரு முனை வரைக்கும் போனேன். டொக்.

ரெண்டு தடவை வீலைக் கழட்டிப் பார்த்தாச்சு. ரெண்டு தடவையும் கண்ணு ஸ்ட்ரட்டை விட்டு நகரலை. மாத்தினது ஸ்ட்ரட்டு, அப்ப சத்தம் ஸ்ட்ரட்டுலதானே? இப்படித்தான் புத்தி ஓடிச்சு. ரிவர்ஸ்ல வந்து பிரேக் போட்டு முன்னாடி கிளம்பினா ஒரே ஒரு டொக் வரும். அது நல்லா ஞாபகம் இருக்கு. அது பிரேக்கைக் கையைக் காட்டிக் கூப்பிடுற சத்தம்னு இப்பத் தெரியுது. அப்ப, "இதுவும் அதே டொக்"னு கடந்து போயிட்டேன்.

மே மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. பொண்ணு ஓட்டுறா, நான் பக்கத்துல. எங்க குடியிருப்புக்குள்ள ஒட்டுப் போட்ட ரோடு ஒண்ணு இருக்கு, சத்தத்தைச் சோதிக்கன்னே படைச்ச மாதிரி. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் பிரேக்குல காலை வச்சுக்கிட்டே இறக்குவா. திட்டிக்கிட்டே இருப்பேன். அன்னிக்கும், "பள்ளத்துக்கு முன்னாடி பிரேக்கைப் போடு, பள்ளத்துல விட்டுடும்மா"ன்னு ஆரம்பிச்சவன் அப்படியே நிறுத்திட்டு, "உனக்கு மட்டும் எப்படிம்மா இந்தச் சத்தமே வர மாட்டேங்குது?"ன்னு கேட்டேன்.

"நான்தான் பிரேக்ல கால் வச்சிருக்கேனேப்பா."

ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. "காலை எடு. அந்தப் பள்ளத்துல இறக்கு." டொக். "இப்ப லேசா மிதிச்சுக்கிட்டே இறக்கு." சத்தம் இல்லை. மறுபடி. டொக். மறுபடி. இல்லை. அவளுக்கு விளையாட்டா இருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே செஞ்சா. எனக்கு முதுகுல ஈரமாயிடுச்சு. பிரேக்கை மிதிச்சா பேடு டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், காலிப்பர் ஆட முடியாது. விட்டா ஆடும். அப்ப ஆடுறது...

"வீட்டுக்கு விடும்மா. மெதுவா. பத்து மைலுக்கு மேல வேண்டாம்."

கேரேஜுல வீலைக் கழட்டிக் காலிப்பரை ரெண்டு கையால பிடிச்சு ஆட்டினேன். ஆடுச்சு. எங்க வீட்டு டைனிங் டேபிள் கால் மாதிரி ஆடுச்சு. அதைப் பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டும் நக்கிளுக்குப் பின்னாடி உள்பக்கமா இருக்கு, குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். மேல் போல்ட்டு கையால வச்ச முறுக்குல இருந்துச்சு. கீழ் போல்ட்டு அஞ்சாறு புரி வெளியே வந்து நிக்குது. விரலால சுத்தினேன், சுத்துச்சு.

ஆபீஸ் போன். போல்ட்டை விரலால ஏத்திட்டு, 'வந்து முறுக்கிக்கலாம்'னு எழுந்து போனவன், வந்து வீலை மாட்டிட்டேன்.

கொஞ்ச நேரம் தரையிலேயே உக்காந்திருந்தேன். அப்புறம் உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த தாளைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் அவ ஓட்டினது ஏழு மணி இருபது நிமிஷம். அதுல ஒண்ணே கால் மணி நேரம் ராத்திரி, மழையில, ஐ-275. கையெழுத்து என்னோடது.

மறைச்சிருக்கலாம். உண்மையைச் சொல்றேன், அப்படித்தான் முதல்ல தோணுச்சு. முறுக்கிட்டு, "ஒரு கிளிப்பு லூசா இருந்துச்சு"ன்னு சொன்னா முடிஞ்சுது. ஆனா பொண்ணு கேரேஜ் வாசப்படியிலேயே நின்னுக்கிட்டு இருந்தா. கூப்பிட்டு அவ விரலாலயே போல்ட்டைச் சுத்தச் சொன்னேன்.

"இது கழண்டு விழுந்திருந்தா என்னப்பா ஆகியிருக்கும்?"

காலிப்பர் மேல் போல்ட்டுல தொங்கிச் சுழன்று ரிம்மோட உள்பக்கம் மாட்டிக்கும். சக்கரம் இறுகிப் பூட்டிக்கலாம், இல்லை ஹோஸ் பிய்ஞ்சு எண்ணெய் கொட்டி அந்தப் பக்கத்துக்குப் பிரேக்கே இல்லாம போகலாம். சொன்னேன். கேட்டுட்டு, "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"ன்னா.

புதுப் போல்ட்டு ரெண்டு வாங்கிட்டு வந்தேன். புரியில துளி பசை விட்டு, மேனுவல் சொன்ன முறுக்குக்கு டார்க் ரெஞ்சுல 'க்ளிக்' கேக்குற வரைக்கும் முறுக்கினேன். தட்டாம ஒரு தடவைதான், ரெண்டு தடவை க்ளிக் பண்ணினா கூடுதலா முறுகும்னு பொண்ணுக்கு வாத்தியார் வேலை வேற. வெக்கம் கெட்டவன்.

ராத்திரி சாப்பாட்டுல சொன்னேன். கத்துவாங்கன்னு எதிர்பார்த்தேன். கத்தலை. ரசத்தை ஊத்திக்கிட்டே ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அந்தப் பக்கம் பாத்தீங்களா?"

"அந்தப் பக்கம் காலிப்பரைக் கழட்டவே இல்லைம்மா."

"பாத்தீங்களா?"

கையைக் கழுவிட்டு, பத்து மணிக்கு மறுபடி ஜாக் போட்டு, இடது பக்க வீலைக் கழட்டிப் பார்த்தேன். டார்ச் பிடிச்சது தங்கமணி. ஒவ்வொரு போல்ட்டா விரலை வச்சு, "இது? இது?"ன்னு கேட்டாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம்தான் தூங்கப் போனோம்.

இப்ப முன்பக்கத்துல நான் தொட்ட ஒவ்வொரு போல்ட்டுலயும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால ஒரு கோடு இருக்கு. போல்ட்டுத் தலையில ஆரம்பிச்சு உலோகம் வரைக்கும் ஒரே கோடு. போல்ட்டு நகர்ந்தா கோடு உடையும். விமானத்துல, ஃபாக்டரியில எல்லாம் செய்யுற பழைய வித்தைதான். கோடு போட்டது பொண்ணு. ஐம்பது மணி நேரம் முடிஞ்சு உரிமம் வாங்கி இப்பத் தனியா ஓட்டுறா. மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டியரிங்கை ஒரு பக்கமா ஒடிச்சு வச்சுட்டு, குனிஞ்சு போன் வெளிச்சத்துல சக்கரத்துக்குப் பின்னாடி பார்க்கிறா. நான் சொல்லி இல்லை.

டயர் அக்டோபர்ல மாத்தினேன், வண்டு பறந்துடுச்சு. குளிர் நாள்ல காலையில முதல் ஸ்பீடு பிரேக்கர்ல மட்டும் இடது பக்கம் 'கீச்'னு ஒரு சத்தம் கேக்குது. அந்தத் திருகின ரப்பர் புஷ்ஷாத்தான் இருக்கணும். இருக்கணும்னு சொல்லிட்டு விடுறதா இல்லை, இந்தச் சனிக்கிழமை கழட்டிப் பார்க்கிறேன். போனை வீட்டுக்குள்ள வச்சுட்டுத்தான்.